பேங்க் கடிதத்தைப் பிரிக்கவே கை நடுங்குகிறது, அக்கா

கேள்வி:

அக்கா, எனக்கு 44 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானில் மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். வீடு வீட்டுக்காரர் பெயரில். மாமியாரும் எங்களோடுதான். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், செலவுக்கு மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், மாதம் 900 வெள்ளி போல வரும். கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் ஃபேக்டரியில் ஆறு வருடம் வேலை செய்து 2005-இல் நின்றேன். அந்த இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) காசு என்ன ஆனது என்றே தெரியாது. பேங்க் கடிதம் வந்தால் கை நடுங்குகிறது, பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடுவேன். தையல் காசு வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு மகளிடம் இருக்கிறது, பின்னால் ஆள் நின்றால் எனக்கு நம்பர் மறந்துவிடும். அலமாரியில் புடவைக்கு அடியில் 4,300 வெள்ளி இருக்கிறது, யாருக்கும் தெரியாது. 12 பேர் சேர்ந்து மாதம் 200 வெள்ளிக் கூட்டு (ஏலச் சீட்டு) கட்டுகிறோம். மூணாவது மாதம் ஒருத்தி 300 தள்ளி எடுத்தாள், அஞ்சாவது மாதம் இன்னொருத்தி 240 தள்ளினாள். கடைசியில் எடுக்கிறவளுக்குத்தான் லாபம், ஆனால் அதுவரைக்கும் யாரும் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். தம்பி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கடை போட வட்டிக்கடையில் 8,000 வெள்ளி, இரண்டு வருடக் கடன் கேட்டிருக்கிறான். நான் ஜாமீன் போட வேண்டுமாம், மாதக் கடைசிக்குள். முடியாது என்று சொல்லவும் பயம், போடவும் பயம். ராத்திரி தூக்கமே இல்லை. 'உனக்குக் காசு கணக்கு தெரியாது' என்று வீட்டுக்காரர் சொல்வார். எனக்கும் அது உண்மை என்றுதான் படுகிறது. இந்தப் பயம் போகுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தம்பிக்கு ஜாமீன் போடாதீர்கள்.

காரணத்தையும் சொல்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. சொத்து எதையும் ஈடு வைக்காமல் வாங்கும் கடனுக்கு, லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை வருடத்துக்கு 18 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஈடு வைத்தால் 12. கடன் கொடுப்பவர்களுக்கான 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள வரம்பு இது. 8,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் வருடத்துக்கு 1,440, இரண்டு வருடத்துக்கு 2,880. திருப்பிக் கட்ட வேண்டியது மொத்தம் 10,880 வெள்ளி, மாதம் ஏறக்குறைய 453. மழைக்காலத்தில் பாசார் மாலாம் படுத்து, தம்பி இரண்டு மாதம் கட்டாமல் விட்டால், வட்டிக்கடைக்காரர் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். உங்கள் தையல் வருமானத்தில் பாதி அதற்கே போய்விடும். ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து என்று நம் பக்கத்தில் நிறைய பேர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. 'இவன் கட்டாவிட்டால் முழுக் கடனையும் நான் கட்டுகிறேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. அந்தத் தாளை வைத்து உங்கள் மேல் வழக்கும் போடலாம்.

உங்கள் பயம் இந்த ஒரு விஷயத்தில் சரியாகவே வேலை செய்திருக்கிறது. அதை நம்புங்கள்.

தம்பியிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "ஐயா, மாசம் 453 வெள்ளி என்னால் கட்ட முடியாது. கட்ட முடியாததற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லுங்கள். மாமாவைக் கேட்கணும், யோசிச்சுச் சொல்றேன் என்று இழுத்தால் அவன் காத்துக்கொண்டிருப்பான், நீங்கள் இன்னும் பத்து ராத்திரி விழித்திருப்பீர்கள். கோபித்துக்கொள்வான்தான். அக்கா தம்பி கோபம் தீபாவளிக்குள் ஆறிவிடும். வட்டிக்கடைக் கடனால் பேச்சுவார்த்தை அறுந்து, அம்மாவின் கருமாதிக்குக்கூட ஒன்றாக நிற்காத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வெறுங்கையாக அனுப்ப மனசில்லை என்றால் ஒரு தொகையை அன்பளிப்பாகக் கொடுங்கள், 200 ஆனாலும் 300 ஆனாலும் சரி. அது திரும்பி வரும் என்று எண்ணாமல் கொடுங்கள். கடனே வேண்டும் என்றால் தெக்குன் நேஷனல் என்ற அரசாங்கக் கடன் அமைப்பில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ஸ்பூமி என்ற திட்டம் இருக்கிறது. முதலில் அங்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். வட்டிக்கடை எங்கேயும் ஓடிவிடாது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

காசு கணக்கு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் எந்த மாதம் யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. 12 பேர், 200 வெள்ளி, மொத்தம் 2,400. ஒருத்தி 300 தள்ளினால் ஆளுக்கு 25 குறையும், அந்த மாதம் 175 கட்டினால் போதும். இதை நீங்கள் தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள், மனசிலேயே போட்டிருப்பீர்கள். அவசரத்துக்கு முன்னால் எடுப்பவள் வட்டி கொடுக்கிறாள், கடைசிவரை காத்திருப்பவள் வட்டி வாங்குகிறாள், காத்திருப்பவளுக்குத்தான் ஆபத்தும் அதிகம். பேங்கில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் செய்வதும் இதே கணக்குதான். கணக்குத் தெரியாதவளால் 'அதுவரைக்கும் யாரும் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும்' என்று எழுத முடியாது.

அப்படியானால் ஏ.டி.எம். முன்னால் நடுங்குவது ஏன்? தோட்டத்துப் பெண்களோடு காசைப் பற்றிப் பேசுவதுதான் என் தொழில். அதில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நடுங்குபவர்களில் பெரும்பாலோர் வீட்டுச் செலவை வெள்ளி வெள்ளியாக எண்ணி நடத்துபவர்கள். கையில் இருக்கும் நோட்டைப் பார்த்து அவர்களுக்குப் பயமே கிடையாது. தாளைப் பார்த்தால்தான் பயம். கடிதம், படிவம், கவுண்டர், மலாயில் வேகமாகப் பேசும் அதிகாரி, இதெல்லாம் எப்போதும் வீட்டு ஆண்களின் வேலையாகவே இருந்திருக்கிறது. உங்கள் அம்மா பால்மரம் வெட்டியிருப்பார், சம்பளத்தை யார் வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் நோட்டில் எழுதியதுதான் கணக்கு, தோட்டத்துக் கணக்கரான கிராணி பிடித்ததுதான் பிடித்தம், எதிர்த்துக் கேட்டால் வேலைக்கு ஆபத்து. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தாளைக் கண்டு கை நடுங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை. படித்து ஓப்பிசில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் இதே நடுக்கத்தைப் பார்க்கிறேன்.

அதே தோட்டத்து மக்கள் வேறு ஒன்றையும் செய்தார்கள். சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள், வேலையும் குடியிருந்த லயமும் ஒன்றாகப் பறிபோனது. அப்போது உங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பங்குப் பத்திரம் என்றால் என்ன என்று முழுசாகப் புரிந்துகொண்டுதான் அவர்கள் முதல் பத்து வெள்ளியைக் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கட்டத் தொடங்கினார்கள், ரசீதைப் பத்திரப்படுத்தினார்கள், போகப் போகப் புரிந்துகொண்டார்கள்.

நீங்களும் அப்படித்தான் போக வேண்டும். பயம் போன பிறகு பேங்குக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பயத்தோடு போய் ஒரு சின்ன காரியத்தை முடித்துவிட்டு வர வேண்டும். அடுத்த தடவை அந்த இடத்தில் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கியவர்கள் யாரும் இல்லை.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது, அந்த டிராயர். மாமியார் மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாக் கடிதத்தையும் பிரித்துவிடுங்கள். படிக்கக்கூட வேண்டாம், உறையைப் பிரித்து யார் அனுப்பியது என்று மட்டும் பார்த்து அடுக்குங்கள். பேங்க் ஒரு பக்கம், இ.பி.எஃப். ஒரு பக்கம், இன்சூரன்ஸ் ஒரு பக்கம், விளம்பரமெல்லாம் குப்பைக்கு. அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். மறுநாள் தேதி வாரியாகப் படியுங்கள். மலாய் புரியாத இடத்தில் மகள் சொல்லட்டும். நான் பார்த்தவரை இப்படிப்பட்ட டிராயர்களில் பாதி பழைய அறிக்கைகளாகத்தான் இருக்கும், ஒன்றுமே செய்ய வேண்டியிருக்காது. ஒருவேளை கட்ட வேண்டிய பாக்கி ஏதாவது இருந்து, அது உங்கள் சக்திக்கு மீறியதாகத் தெரிந்தால் பயந்து மறுபடி உள்ளே போட வேண்டாம். ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசு கிடையாது, பேங்க்கோடு அவர்களே பேசித் தவணையை மாற்றித் தர முயல்வார்கள். ஈப்போவிலும் கிளை இருக்கிறது.

இரண்டாவது வேலை இ.பி.எஃப். இதை நீங்கள் தள்ளிப்போட்டது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது உங்கள் காசு. வேலையை விட்டால் அந்தக் காசு காணாமல் போகாது, அப்படியே கிடந்து வருடா வருடம் லாப ஈவு சேர்ந்துகொண்டிருக்கும். 2006-க்குப் பிறகு மரபு வழிக் கணக்குக்குக் கொடுத்ததில் மிகக் குறைவு 2008-இல் 4.5 விழுக்காடு, மிக அதிகம் 2017-இல் 6.9. 2024-க்கு 6.3 கொடுத்தார்கள். 2005 கடைசியில் உங்கள் கணக்கில் 5,000 வெள்ளி இருந்திருந்தால், நீங்கள் எதையும் தொடாமல் 2024 கடைசியில் அது 14,000-ஐத் தாண்டியிருக்கும். ஆறு வருடம் வேலை செய்திருக்கிறீர்கள், எவ்வளவு இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். புடவைக்கு அடியில் இருக்கும் 4,300 வெள்ளிக்கு இந்த வருடங்களில் ஒரு காசு சேரவில்லை.

ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு ஈப்போவில் உள்ள இ.பி.எஃப். அலுவலகத்துக்குப் போங்கள். பெருவிரல் ரேகையை வைத்தால் கணக்கைக் காட்டிவிடுவார்கள். அதற்கு முதல் தடவை உங்கள் மகளோடு போகலாம், ஆனால் கவுண்டரில் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும். கவுண்டரில் நிற்கும் முதல் அனுபவம், கட்ட வேண்டிய காசுக்காக இல்லாமல் உங்களுக்குச் சேர வேண்டிய காசுக்காக இருக்கட்டும் என்றுதான் இதை பேங்குக்கு முன்னால் வைத்தேன். அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும், உங்களுக்குப் பின் அந்தக் காசைப் பெறும் நியமனதாரர் யார் என்று. கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பலர் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார்கள், சிலர் யார் பெயரையும் கொடுத்திருக்க மாட்டார்கள். அம்மா காலமாகியிருந்தால் அந்த நியமனம் செல்லாது. முஸ்லிம் அல்லாத நமக்கு, நியமித்தவரிடமே அந்தக் காசு நேராகப் போகும். பெயர் இல்லாவிட்டால் பிள்ளைகள் காகிதங்களோடு அலைய வேண்டும். இதைச் சரிசெய்ய காசும் ஆகாது, நேரமும் அதிகம் ஆகாது.

அங்கே இருக்கும்போதே ஐ-சாரானுக்கும் பதிந்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்தமாகச் சம்பாதிப்பவர்கள் தாங்களே இ.பி.எஃப்.-இல் கட்டும் திட்டம் இது. 2025 முதல் நீங்கள் ஒரு வருடத்தில் கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் கூடுதலாகப் போடுகிறது, வருடத்துக்கு 500 வெள்ளிவரை. மாதம் 100 வெள்ளி கட்டினால் வருடத்தில் 1,200, அதற்கு 240 வெள்ளி சும்மா வரும், லாப ஈவு தனி. எந்தக் கூட்டிலும் இப்படிக் கிடைக்காது. ஆனால் முழுக் காசையும் இதில் போடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து புதிதாகக் கட்டும் காசில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், தையல் மெஷின் கெட்டுப்போச்சு என்றால் ஓய்வுக்கால கணக்கிலிருந்து எடுக்க முடியாது. மாதம் 50-இல் தொடங்குங்கள், தீபாவளிக்கு முந்திய மாதங்களில் கூட்டிக் கட்டுங்கள்.

அப்புறம் அந்த 4,300. யாருக்கும் தெரியாமல் சேர்த்தது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. அது தேவையில்லை. நீங்கள் ராத்திரி கண்விழித்துத் தைத்த காசு அது. ஆனால் இருக்கும் இடம் சரியில்லை. கரையானும் திருடனும் ஒரு பக்கம், 'அலமாரியில் இருக்கே, எடுத்துக் கொடுத்துடலாம்' என்ற நம் மனசு இன்னொரு பக்கம். தையல் காசு வரும் கணக்கில் கலக்காமல், வேறொரு பேங்கில் உங்கள் பெயரில் மட்டும் ஓர் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு திறங்கள். 20 வெள்ளி இருந்தால் திறக்கலாம். 4,000-ஐ அதில் போட்டு, 300-ஐ வீட்டில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் மூழ்கினால் என்ன செய்வது என்று பல பெண்கள் என்னிடம் கேட்பார்கள். பீ.ஐ.டி.எம். என்ற அரசாங்க வைப்புத்தொகைக் காப்புறுதி ஒரு பேங்கில் ஓர் ஆளுக்கு 2,50,000 வெள்ளிவரை காப்பாற்றுகிறது. நம் காசு அதற்குள் வசதியாக அடங்கிவிடும்.

உங்கள் பெயரில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வாங்கலாம், விற்கலாம் என்று 1957-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கணவரின் கையெழுத்து உங்கள் சேமிப்புக் கணக்குக்குத் தேவையே இல்லை.

கவுண்டரில் மலாய் தடுமாறும் என்ற தயக்கம் உங்களுக்கும் இருக்கும் என்றே நினைக்கிறேன். பாசாரில் ஈக்கான் பிலிஸ் (நெத்திலி) வாங்கும் மலாய் போதும். "சாயா நாக் புக்கா அக்காவுன் சிம்பானான் அசாஸ்" என்று சொல்லுங்கள், கணக்கு திறக்க வந்திருப்பது புரிந்துவிடும். வேகமாகப் பேசினால் "தோலோங் தெராங்கான் பெர்லாஹான்-லாஹான்" என்று நிறுத்துங்கள். எதிலாவது கையெழுத்துப் போடச் சொல்லிப் புரியவில்லை என்றால், "சாயா நாக் பாவா பாலேக், பாச்சா டூலு" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க உதவும். சேமிப்புக் கணக்கு திறக்கப் போன இடத்தில் இன்சூரன்ஸும் யூனிட் டிரஸ்டும் தலையில் கட்டப்பட்டு வந்த பெண்களுக்காக நான் பல தடவை பேங்குக்கு நடந்திருக்கிறேன்.

ஏ.டி.எம். கார்டை மகளிடமிருந்து வாங்கிவிடுங்கள். மகள் நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் பழகாத வரை உங்கள் பயம் அப்படியேதான் இருக்கும். புது ரகசிய எண் வைத்து, அதை யாரிடமும் சொல்லாதீர்கள். வேலை நாளில் காலை பதினோரு மணி போல பேங்குக்கு உள்ளே இருக்கும் மெஷினில் 50 வெள்ளி எடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு 50. எண் மறந்துபோனால் கார்டை வெளியே எடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், பின்னால் நிற்பவர் காத்திருக்கட்டும். போலீஸ், பேங்க் நெகாரா, கோர்ட்டு என்று யாராவது போனில் மிரட்டி எண்ணையோ காசையோ கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். காசு போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே பண மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்க வேண்டும்.

கூட்டைப் பாதியில் விட வேண்டாம், பெயர் கெடும். முடித்துவிட்டு வெளியே வாருங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-லிருந்தே நம் நாட்டில் சட்டம் தடுத்திருக்கிறது. நடத்துபவர் ஓடினால் போலீசில் புகார் கொடுக்கலாமே தவிர, பேங்க் போல உங்கள் காசைத் திருப்பித் தர யாரும் இல்லை. நீங்கள் நடத்தச் சொல்லி யாராவது கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஒருத்தி கட்டாவிட்டால் நடத்துபவள் தலையில்தான் விழும், அதுவும் ஒருவகை ஜாமீன்தான்.

வீட்டுக்காரர் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. லோரியில் ராத்திரி பகலாக ஓடி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். 'உனக்குத் தெரியாது' என்று அவர் சொல்வது, அவர் அப்பா அவர் அம்மாவிடம் சொன்னதாகவே இருக்கும். அந்தப் பேச்சை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். கேள்வி கேளுங்கள். அவர் சாப்பிட்டு ஓய்வாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கடன் இன்னும் எவ்வளவு இருக்கிறது, கடனோடு சேர்ந்த இன்சூரன்ஸ் இருக்கிறதா, கிரான் (வீட்டுப் பட்டா) எங்கே இருக்கிறது, அவருடைய இ.பி.எஃப்.-இல் நியமனதாரராக யார் பெயர், என்று நான்கையும் கேட்டு ஒரு பள்ளி நோட்டில் எழுதுங்கள். "உங்களுக்கு ரோட்டில் ஏதாவது ஒன்று ஆனால் நான் யாரிடம் போய் நிற்பேன்?" என்று கேட்டால் எந்தக் கணவரும் பதில் சொல்லத்தான் செய்வார். அப்படியும் சொல்லாவிட்டால் அந்த அலட்சியத்தை நீங்கள் மன்னிக்கலாம், ஆனால் கேட்பதை நிறுத்தக் கூடாது.

இதில் வீடு முக்கியம். கணவர் போனால் வீடு தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று என்னிடம் வருபவர்களில் பலர் நம்புகிறார்கள். உயில் எழுதாமல் முஸ்லிம் அல்லாதவர் இறந்தால் 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரியும். உங்கள் மாமியார் இருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படியானால் உங்களுக்குக் கால் பங்கு, மாமியாருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. மாமியார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் பங்கு பின்னாளில் மைத்துனர், நாத்தனார்வரை போகலாம், வீட்டை விற்கச் சொல்லும் பேச்சும் வரலாம். இருவரும் சேர்ந்து ஒரு வக்கீலிடம் போய் உயில் எழுதிவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தரித்திரம் என்று மாமியார் சொன்னால், அவர் காதில் விழாத இடத்தில் பேசுங்கள்.

இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பும் இருக்கிறது, 2022 டிசம்பரில் வந்தது. 55 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருடம் 120 வெள்ளி. சமையலறையில் வழுக்கி விழுந்து முடமானாலும் உதவி கிடைக்கும். இந்த 120-ஐ வீட்டுக்காரரையே கட்டச் சொல்லலாம்.

நகைச்சீட்டு, பங்குச் சந்தை, மாதம் பத்து விழுக்காடு தருகிறேன் என்று வருபவர்கள் எதுவும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். நகையை அடகு வைக்கும் பழக்கம் இருந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள். பஜாக் கடையில் மாதம் 2 விழுக்காடு என்பது சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு அது 24. ஆறு மாதத்துக்குள் மீட்காவிட்டால் அல்லது புதுப்பிக்காவிட்டால் நகை கைவிட்டுப் போகும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. தம்பிக்குப் பதில் சொன்ன பிறகும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராமல், நெஞ்சு படபடப்பும் இருந்தால் உங்கள் ஊர் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். காசுப் பயம் உடம்பில் இறங்கிவிடுவது உண்டு, அதற்கு வைத்தியம் இருக்கிறது. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது.

பயம் போகுமா என்று கேட்டீர்கள். குறையும், தங்கச்சி. முழுசாகப் போகாவிட்டாலும் பரவாயில்லை. என்னிடம் வந்த பெண்கள் பலர் இன்னும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டேதான் பேங்குக்குப் போகிறார்கள். ஆனால் போகிறார்கள், கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இந்த வாரம் தம்பியிடம் பேசிவிடுங்கள். டிராயரையும் இந்த வாரமே பிரியுங்கள். ஈப்போவுக்கு அடுத்த வாரம் போகலாம், ஐசியும், பழைய ஃபேக்டரி சம்பளச் சீட்டு ஏதாவது கிடைத்தால் அதுவும் எடுத்துப் போங்கள். இ.பி.எஃப். அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், நியமனத்தில் மகள் பெயரை மட்டும் போடுவதா, வீட்டுக்காரரையும் சேர்ப்பதா என்று அப்போது பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா